கச்சான் காற்றும் பட்டப் பலகையும்

காற்றுக்குத் திசைதோறும் தனிப்பெயர் இட்டு வழங்கிய மக்கள் நாம். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. அக்கோடைக் காற்றையே மட்டக்களப்பு நாட்டார் கச்சான் என்பர். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டிலே தன் ஈரத்தையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு, வெப்பம் ஏறி, நம் படுவான்கரை வயல்களின்மேல் வந்து வீசும்போது பெறுகின்ற பெயர் அது. சூடு மிதித்துப் பொலி தூற்றிய காலத்தில், காற்று எப்பக்கம் வருகின்றது, பதர் எப்பக்கம் போய் விழும் என்பதை அறியாமல் எந்த வேளாண்மைக்காரனும் களத்தில் நின்றதில்லை. அந்த அறிவு இன்று முற்றிலும் புதியதொரு விளையாட்டுக்கு வேண்டியதாகியிருக்கின்றது.

அவ்விளையாட்டு ‘கைற்போடிங்’ என்பது. தமிழில் பட்டப் பலகை விளையாட்டு என்று சொல்லிக்கொள்வோம். காலின்கீழே ஒரு பலகை. இடுப்பிலே ஒரு கச்சை. அக்கச்சையிலிருந்து இருபது, இருபத்தைந்து மீற்றர் நீளமான கயிறுகள். அவற்றின் நுனியிலே காற்றடித்து ஊதப்பெற்ற பெரியதொரு பட்டம். பட்டம் இழுக்க, பலகை நீரின்மேல் ஓடும். 1984ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெகேன்யூ சகோதரர் இருவர், நீரில் விழுந்தாலும் மீண்டும் எழக்கூடிய ஊதுபட்டத்துக்குக் காப்புரிமை பெற்றனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக ஒரு போட்டியாக இடம்பெற்றது. மார்செய் நகரின் கடலில் நடந்த அப்போட்டியிலே, சிங்கப்பூரைச் சேர்ந்த மாக்ஸ் மேடர் என்ற பதினேழு வயது இளைஞர் ஆடவர் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

பதினேழு வயது என்றால் நம் உயர்தர வகுப்பு மாணவரின் வயது. ஆகவே, அக்காட்சியைக் கைத்தொலைபேசியில் பார்த்த மாணவர் சிலர், “சேர், நமக்குத்தான் இவ்வளவு பெரிய வாவி இருக்கிறதே, இங்கே பழகினால் என்ன?” என்று கேட்டதில் வியப்பில்லை. கேள்வி நல்லது. விடைதான் சற்று நீளமானது. ஒரு பட்டம் வாங்கும் வழியை ஆராய்வதற்கு முன் ஓர் இடத்தைத் தேட வேண்டும் என்பதே அவ்விடையின் சாரம்.

இவ்வகையில் நமக்கு வழிகாட்டக்கூடிய பழையதொரு செய்தி உண்டு. மின்னலைப் பட்டத்தால் ஆராய்ந்தவர் என்று பாடநூல்கள் கூறும் பெஞ்சமின் பிராங்ளின், சிறுவனாக இருந்தபோது பட்டக் கயிற்றைக் கையிற் பிடித்துக்கொண்டு, ஒரு குளத்திலே மல்லாந்து மிதந்து, காற்று இழுக்க அக்கரை சேர்ந்தாராம். பின்னாளில், 1773இல், தாமே ஒரு கடிதத்தில் இதனை எழுதியிருக்கின்றார். இன்றைய பயிற்சிப் பள்ளிகளில் பலகையைத் தருவதற்கு முன், உடம்பை மட்டும் பட்டத்தால் நீரில் இழுக்கவிடும் பாடம் ஒன்று உண்டு. அதையே அச்சிறுவன் செய்தான். ஆயின், நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. நீரில் இறங்குமுன் தன் உடைகளைத் தோழன் ஒருவனிடம் கொடுத்து, குளத்தைச் சுற்றி நடந்துபோய் அக்கரையிலே நிற்கும்படி சொல்லியிருக்கின்றான். காற்று தன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவனுக்கு முன்னரே தெரிந்திருந்தது. அங்கே ஒரு கரை இருந்தது. அக்கரையில் ஓர் ஆள் இருந்தான்.

(பட்டத்தால் வண்டியோட்டிய ஓர் ஆசிரியரும் இருந்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியரான ஜோர்ஜ் போகொக், 1826இல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகளை நாற்காலியில் இருத்திப் பட்டத்தால் மேலே தூக்கிப் பார்த்த துணிச்சல்காரர். அம்மகளின் மைந்தனே கிரிக்கெற் உலகில் புகழ்பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸ். ஆசிரியர்கள் எல்லோரும் இவரைப் பின்பற்ற வேண்டா.)

பட்டத்தின் இழுவை எத்தகையது என்பதைச் சற்று விளக்குவோம். முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னே, தரையிலிருந்து தலைக்குமேல் வரை, பெரியதொரு கடிகார முகத்தின் மேற்பாதி நிற்கின்றது என்று எண்ணுங்கள். உச்சியிலே பன்னிரண்டு, வலக்கைப் பக்கம் மூன்று, இடக்கைப் பக்கம் ஒன்பது. இந்த விளிம்பிலே எங்கே நின்றாலும் பட்டம் சாதுவாக இருக்கும். விளிம்பை விட்டு நேர் எதிரே, நடுப்பகுதியில் இறங்கிப் பாய்ந்ததோ, அதே பட்டம் மதம் பிடித்த யானையாகிவிடும். பழகுபவர் கை தவறுவது பெரும்பாலும் அந்த நடுப்பகுதியிலேதான். இன்னொன்று: காற்றின் வேகம் இரு மடங்கானால் இழுவை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். விஞ்ஞான மாணவர்க்கு இது புதிதன்று; ஆனால் வாய்ப்பாடாக அறிவது வேறு, தோள்மூட்டில் அறிவது வேறு.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிலே தைப்பொங்கல் நாளில் நடைபெறும் பட்டப் போட்டியை அறியாதார் இலர். அவ்வடமராட்சி மண்ணில், பருத்தித்துறைப் பகுதியிலே, 2021 டிசம்பரில் இளைஞர் சிலர் பெரிய பட்டமொன்றைக் கூடி நின்று ஏற்றினர். மற்றவர்கள் கயிற்றைக் கைவிட, ஒருவர் மட்டும் அதைப் பற்றியபடி வானில் உயரத் தூக்கப்பட்டார். பின்னர் கீழே வந்து விழுந்து, உயிர் தப்பினார். அந்தப் படக்காட்சியை உலகமே பார்த்தது. பலர் சிரிக்கவும் செய்தனர். பரம்பரையாகப் பட்டம் விட்டுத் தேர்ந்த ஊரிலேயே ஒரு கயிறு ஆளைத் தூக்குமாயின், தார்ப்பாயையும் நைலோன் கயிற்றையும் கொண்டு வீட்டிலே பட்டம் கட்டி வாவிக்குப் போகலாம் என்று திட்டமிடும் பிள்ளையை எங்ஙனம் சிரித்துக்கொண்டு அனுப்புவது? கடையில் விற்கும் பட்டத்திலே, ஆபத்து வந்தால் ஒரே தள்ளில் இழுவையை அறுத்துவிடும் பொறி ஒன்று உண்டு. வீட்டுப் பட்டத்தில் அது இல்லை. கயிற்றை மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டால், அவிழ்ப்பதற்கு நேரமும் இல்லை.

நம் நாட்டில் இவ்விளையாட்டுக்குப் பெயர்போன இடம் கற்பிட்டி. புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீபகற்பம் அது. வைகாசி முதல் ஐப்பசி வரை தென்மேற்குக் காற்று கடலின்மேல் தடையின்றி வந்து, தாழ்ந்த மணற்றிட்டைக் கடந்து, களப்பின்மேல் சீராக வீசும். மார்கழி முதல் மாசி வரை வடகிழக்குக் காற்றாலும் ஓரளவு பயன் உண்டு. கப்பலடி முதலிய இடங்களில் உள்ள சிறு களப்புகள் ஆழம் குறைந்தவை, அலை அற்றவை. விழுந்தவன் எழுந்து நிற்கலாம். காற்று கொண்டுபோனாலும் எதிர்க்கரை தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டில் இராமேசுவரத்தை அண்டிய பகுதியும் இவ்வாறே. ஒருபுறம் பாக்குக் கடல், மறுபுறம் மன்னார்க் குடா. காற்று மாறினால் கரையை மாற்றிக்கொள்ளலாம். பிராங்ளின் தேடிய அக்கரையை இவ்விரு இடங்களிலும் இயற்கையே அமைத்துத் தந்திருக்கின்றது.

கிழக்குக் கரையின் நிலை வேறு. அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்கு விளையாட உலகெங்குமிருந்து வருகின்றார்களே, இங்கும் வரலாமே எனச் சிலர் எண்ணுவர். அறுகம்குடாவுக்கு நன்மை செய்யும் காற்றே பட்டப் பலகைக்குப் பகையாகின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் அங்கே காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை ஒழுங்காக எழுந்து நிற்கும். அலைச்சறுக்கு வீரனுக்கு அது கொண்டாட்டம். பட்டம் பிடித்தவனுக்கோ, பாசிக்குடாவிலும் கல்லாற்றிலும் களுவாஞ்சிகுடியிலும் அதே காற்று கரையை விட்டு வெளியே இழுக்கும் காற்று. அவ்வழியே போனால் அடுத்த நிலம் நிக்கோபார்த் தீவுகள். கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்றில் பழகத் தொடங்குதல் ஆகாது என்பது இவ்விளையாட்டின் முதல் விதி. மாரியில் வாடை நேரே கரைக்கு வீசும். ஆயின் அப்போது கடல் கொந்தளிக்கும், மழை மறைக்கும். அன்றியும், நேராகக் கரைக்கு வரும் காற்று பழகுபவனைத் தென்னையிலும் வேலியிலும் கொண்டுபோய் மோதவிடும். கரைக்குச் சாய்வாக, பக்கவாட்டில் உள்நோக்கி வரும் காற்றே உத்தமம்.

இனி நம் வாவிக்கு வருவோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம் கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே மண்டூர் இருக்கின்றது. சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்பெறும் கந்தசுவாமி கோயிலாலும், குருமண்வெளிக்குச் செல்லும் ஓடத்துறையாலும் அவ்வூரை எல்லோரும் அறிவர். வாவி பெரும்பாலும் ஆழம் குறைந்தது, கடலலை இல்லை. இவ்வளவில் கற்பிட்டியை ஒக்கும். ஆனால் கச்சான் காலத்திலே மண்டூர்க் கரையில் நிற்பவனுக்கு அக்காற்று ஊர் மரங்களுக்கு ஊடாக முதுகுப்புறமிருந்து வந்து, வாவிக்குள் தள்ளும். மரத்தையோ கட்டடத்தையோ கடந்து வரும் காற்று, அதன் உயரத்தைப்போல் ஏழு முதல் பத்து மடங்கு தூரம் வரை குழம்பியே இருக்கும் என்பர் பயிற்றுநர். பதினைந்து மீற்றர் உயரமான தென்னைக்கு நூறு, நூற்றைம்பது மீற்றர் ஆயிற்று. அக்குழப்பத்தில் பட்டம் ஒரு கணம் துவளும், மறுகணம் வெடித்திழுக்கும். ஆகவே கச்சான் வீசும் மாதங்களில் மண்டூர்ப் பிள்ளைக்கு ஏற்ற கரை மண்டூர்க் கரை அன்று. எழுவான்கரையின் வாவிப்பக்கமே ஏற்றது. அங்கேதான் அக்காற்று நீரின்மேல் நெடுந்தூரம் தடையின்றி வந்து, சீராகிக் கரையேறுகின்றது. மாரிக்காலத்தில் வாடை வீசும்போது இது தலைகீழாகும். படுவான்கரைக்கே காற்று வந்து சேரும்.

இவ்வளவும் காற்றின் கணக்கு. வாவிக்கு வேறு கணக்குகளும் உண்டு. ஓடத்துறை வழியிலே ஆட்களும் சுமைகளும் செல்லும்போது, இருபத்தைந்து மீற்றர்க் கயிறு குறுக்கே விழுந்தால் என்னாகும்? தோணிக்காரரின் வலைகள் எங்கெங்கே கட்டப்பட்டிருக்கின்றன என்பது நீரின்மேலிருந்து தெரியாது. வாவியின் சேறு காலைக் கற்பிட்டி மணலைப்போலத் தாங்காது; புதையவிடும். கண்டற் காடுகளை அண்டிய ஒதுக்கிடங்களில் முதலைகளின் நடமாட்டமும் உண்டு. ஆகையால், தகுந்த பயிற்றுநரும் துணைப்படகும் இன்றி எவரும் வாவியில் இறங்குதல் கூடாது என்றே சொல்வேன். இவ்விடயத்தில் பெற்றோர் மறுப்பார்களாயின் நான் அவர்கள் பக்கம்.

ஆனால் பட்டத்தை ஆளப் பழகுவதற்கு நீரே வேண்டியதில்லை என்பதைப் பலர் அறியார். பயிற்சிப் பள்ளிகளில் முதற்பாடம் தரையில்தான். இரண்டு அல்லது மூன்று சதுர மீற்றர் அளவான சிறு பட்டம். இடுப்புக் கச்சை இல்லை. கையிலே ஒரு கோல். இழுவை மிகுந்தால் கோலை விட்டுவிடலாம். பட்டம் சுருண்டு விழும். மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீற்றர் காற்று போதும். கண்ணை எடுத்துக்கொண்டு பேசினாலும் பட்டம் பன்னிரண்டிலேயே நிற்கும் அளவுக்குக் கை பழகிய பின்பே அடுத்த பாடம்.

இதற்குப் பள்ளி மைதானம் உதவாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் உதவாது. ஒருபுறம் கட்டடம், மறுபுறம் மதில், வீதியோரத்தில் மின்கம்பி. நடுவிலே பந்தடிக்கும் சிறுவர். கயிற்றின் நீளத்தைப்போல் இரு மடங்கு வெளி நாற்புறமும் வேண்டும். காற்று போகும் பக்கத்தில் அதனினும் கூடுதலாக வேண்டும். மின்கம்பி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தாலே வேறிடம் பார்ப்பது நன்று.

அத்தகைய வெளி படுவான்கரைக்குக் குறைவா? மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்தபின், மழையை நம்பிய மானாவாரி வயல்கள் தாளோடு காய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் மரமின்றிக் கிடக்கின்றன. வீழ்ந்தால் வரம்பு ஒன்றே தடை. மேயும் மாடுகள் காற்றுக்குக் கீழ்ப்புறம் நில்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். துணைக்கு ஒருவர் அங்கே நிற்க வேண்டும். வைகாசி, ஆனியிலே கச்சான் எழுந்துவிடும். காலையில் மெதுவாகத் தொடங்கி நண்பகலில் உரக்கும் நாள்களில், முற்பகலே பழகுபவர்க்கு உரிய வேளை. ஒரு பிடி பொடிமண்ணை எடுத்துத் தூவிப் பார்த்தால் போதும், காற்று எங்கே கொண்டுபோகும் என்பது தெரிந்துவிடும். மாலையில் மேற்கே இடி குமுறினால் உடனே பட்டத்தை இறக்கிவிட வேண்டும்.

புரட்டாசி கழிந்து மழை இறங்கி ஏர் பூட்டும் வரை அவ்வயல்கள் வெறிதே கிடக்கும். வயற்காரரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது முறை.