பூச்சாண்டி அல்ல, போலீஸ்காரர்!

"சாப்பிடலேன்னா போலீஸ்காரர் வந்து பிடிச்சிட்டுப் போயிடுவார்!"

சோறூட்டும்போது இப்படிச் சொல்லாத தாய்மார்கள் குறைவு. ஆனால், "தீயணைப்பு வண்டிக்காரர் வருவார்" என்று யாராவது பயமுறுத்துவதுண்டா? சிவப்பு வண்டி போனால் குழந்தைகள் வாசலுக்கு ஓடிப்போய் அல்லவா கையசைக்கும்! இரண்டு பேருமே நம்மைக் காக்க வந்தவர்கள்தான். பின் ஏன் இந்த வேற்றுமை?

வேலையின் தன்மைதான் காரணம். தீயணைப்பு வீரருக்கு எதிரி நெருப்பு. அதற்காகப் பரிந்து பேச யாருமில்லை. போலீஸ்காரருக்கு எதிரே நிற்பவரோ மனிதர். வரப்புச் சண்டையில் ஒருவர் பக்கம் நியாயம் சொன்னால் மற்றவருக்குக் கசக்கும். கையில் அதிகாரம் இருப்பதால் கொடுமையும் நடந்துவிடுகிறது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்ததை நாம் மறக்கவில்லை. அந்தப் பயத்தைப் போக்குவது காவல்துறையின் பொறுப்பு. பிஞ்சு மனதில் வீண் பயத்தை விதைக்காமல் இருப்பது நம் பொறுப்பு.

நம் தேனிப் பக்கத்தில் இரு துறையாரும் சேர்ந்து நின்ற ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச் 11. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேற வந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். தீயணைப்பு வண்டி ஏற அங்கே பாதை ஏது? தண்ணீர்க் குழாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊர்க்காரர்கள், வனத்துறையினர், போலீஸார், தீயணைப்பு வீரர்கள் எல்லோரும் நடந்தே ஏறினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அப்படியும், சிகிச்சை பலனின்றிப் போனவர்களையும் சேர்த்து 23 பேரை இழந்தோம்.

மீட்பு முடிந்ததும் தீயணைப்பு வீரரின் வேலை முடிகிறது. போலீஸுக்கோ அதற்குப் பிறகுதான் பாரமான வேலை. இறந்தவர் யார் என்று அடையாளம் காண வேண்டும். பெற்றவர்களுக்குச் சேதி சொல்ல வேண்டும். தவறு யாருடையது என்று விசாரிக்க வேண்டும். இந்த வேலைக்கு யாரும் கைதட்டுவதில்லை!

வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் உங்கள் குழந்தை கைநழுவிப் போய்விட்டால், அது முதலில் தேட வேண்டியது காக்கிச் சட்டையைத்தான். "பிடிச்சிட்டுப் போயிடுவார்" என்று கேட்டு வளர்ந்த குழந்தை, அவரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளுமே!

ஆகவே, சகோதரிகளே, இன்றே மாற்றிச் சொல்லுங்கள்: "வழி தெரியலேன்னா போலீஸ் மாமாகிட்டயோ, போலீஸ் அக்காகிட்டயோ போய்ச் சொல்லு, கண்ணு." தன் பெயர், அப்பா பெயர், ஊர், உங்கள் போன் நம்பர் ஆகியவற்றைக் குழந்தைக்குப் பாட்டுப் போல மனப்பாடம் செய்வியுங்கள்.

போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் பொதுவாக 112. அடுப்படிச் சுவரில் இவற்றைப் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள்.