பைக்கு ஏன் விலை?

வாடிக்கையாளருக்கு ஐந்து ரூபாய் தள்ளிக் கொடுத்தால் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போவார். மறுநாளே மறந்தும் விடுவார். அதே ஐந்து ரூபாயைக் கூடுதலாகக் கேட்டுவிட்டாலோ ஆறு மாதம் கழித்தும் சொல்லிக் காட்டுவார். வரவு தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வருத்தம் பெரிது என்பது கல்லாவில் உட்கார்ந்த எவருக்கும் தெரிந்த சங்கதிதான். இதைச் சோதனைகள் மூலம் எடுத்துக்காட்டிய உளவியல் அறிஞர் டேனியல் கானமனுக்கு 2002-லும், இவ்வழியில் பொருளாதாரத்தை வளர்த்த ரிச்சர்ட் தேலருக்கு 2017-லும் நோபல் பரிசு கிடைத்தது. நடத்தைப் பொருளாதாரம் என்பது இத்துறையின் பெயர்.

அரசாங்கங்களும் இதைக் கையில் எடுத்துக்கொண்டன. பிரிட்டன் அரசு 2010-ல் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. நமது மத்திய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையிலும் இதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கப்பட்டது. அறிஞர்கள் பேசும் விஷயம்தானே என்று வியாபாரிகளாகிய நாம் ஒதுங்கிவிட முடியாது. இத்தகைய திட்டங்கள் பல நமது கல்லாவில்தான் நடைமுறைக்கு வருகின்றன. கைப்பையே அதற்குச் சரியான உதாரணம்.

அயர்லாந்து காட்டிய வழி

அயர்லாந்து நாட்டில் 2002 மார்ச் மாதம் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் தீர்வை விதிக்கப்பட்டது. கடைக்காரர் அதை வாடிக்கையாளரிடம் வசூலித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். அதற்கு முன் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 328 பைகள் என்றிருந்த கணக்கு 21 ஆகச் சரிந்தது. மளிகைச் சாமான்கள் வாங்க வந்தவருக்கு 15 சென்ட் பெரிய தொகையல்ல. கேட்காமலே கைக்கு வந்துகொண்டிருந்த பையை இனிக் கேட்டு, காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற நிலை வந்ததும் மக்கள் வீட்டிலிருந்தே பை கொண்டுவரத் தொடங்கினார்கள்.

தள்ளுபடியா, கட்டணமா?

பை கொண்டுவருவோருக்குத் தள்ளுபடி கொடுத்தால் போதாதா என்று நம்மில் பலர் கேட்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் இது ஆராயப்பட்டிருக்கிறது. சில கடைகள் சொந்தப் பை கொண்டுவருவோருக்கு 5 சென்ட் கழித்துக் கொடுத்துவந்தன. அதனால் பை உபயோகம் குறையவே இல்லை எனலாம். 2012 ஜனவரியில் பக்கத்திலுள்ள மான்ட்கோமரி மாவட்டத்தில் பை ஒன்றுக்கு 5 சென்ட் வரி வந்தது. கடைப் பையை வாங்குவோர் பத்தில் எட்டுப் பேர் என்பது நான்கு பேர் என்று ஆயிற்று. தொகை இரண்டிலும் அதே 5 சென்ட்தான். தள்ளுபடியை விட்டுவிடத் தயங்காதவர், கையிலிருந்து காசு போவதைத் தவிர்க்கப் பார்க்கிறார்.

எல்லாம் நன்மையே அல்ல

கலிபோர்னியாவில் நகரந்தோறும் மெல்லிய பைகள் தடை செய்யப்பட்டபோது, அவற்றில் வீட்டுக் குப்பை போட்டுவந்த மக்கள் குப்பைப் பைகளைக் காசு கொடுத்து வாங்கினர். மிச்சமான பிளாஸ்டிக்கில் கால் பங்குக்கு மேல் அப்படித் திரும்பி வந்துவிட்டது என்று ஓர் ஆய்வு கண்டது. பின்னர் மாநிலம் முழுமைக்கும் வந்த சட்டம் தடித்த பிளாஸ்டிக் பைகளை விலைக்கு விற்க அனுமதித்தது. அவையும் குப்பையில் சேரவே, 2024-ல் அதையும் விலக்கப் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். ஆக, பழக்கத்தை மாற்றும் திட்டம் எதுவானாலும் மாற்றுவழி என்ன என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நமது நிலை

2011-ம் ஆண்டின் மத்திய விதிகள் பிளாஸ்டிக் பைகளை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்றன. 2016 விதிகளோ, பை கொடுக்கும் கடைக்காரர் உள்ளாட்சியில் பதிவு செய்து மாதம் 4,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்றன. இந்தச் சுமை கடைக்காரர் தலையில் ஏறியதே தவிர, பை வாங்குபவர் அதை உணர வழியில்லை. 2018-ல் அந்த விதி நீக்கப்பட்டது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்கே தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரமும் வைக்கப்பட்டது. தடையோடு மாற்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது பாராட்டத்தக்கது.

துணிப்பை, காகிதப்பைக்கு விலை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைக்குக் காசு உண்டு என்பதைப் பில் போடும் நேரத்தில் சொல்வது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சாமான் எடுக்கும் முன்பே விலை தெரிந்திருக்க வேண்டும். சட்டத்துக்கு மட்டுமல்ல, வியாபாரத்துக்கும் இதுவே நல்லது. வாசலில் விலையைப் பார்த்தவர் அடுத்த முறை பையோடு வருவார். கல்லாவில் திடீரென்று கேட்கப்பட்டவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஊருக்கெல்லாம் ஒரே விதி

இங்கிலாந்தில் 2015-ல் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்தபோது 250 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. சிறு கடைகளுக்குச் சலுகை கிடைத்ததாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் அங்குள்ள சிறு கடைக்காரர் சங்கமே, எங்களையும் சேருங்கள் என்று வாதாடியது. 2021 மே மாதம் கட்டணம் 10 பென்ஸாக உயர்ந்து எல்லாக் கடைகளுக்கும் வந்தது. எல்லாருக்கும் பொதுவான சட்டம் என்றால் கடைக்காரர் மேல் பழி இல்லை. ஒருவர் கேட்டு மற்றவர் இலவசமாகக் கொடுத்தால், கேட்டவருக்குக் கஞ்சன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

ஆகவே ஒவ்வொரு கடைவீதியிலும் உறுப்பினர்கள் கூடிப் பேசி, பைக்கு ஒரே விலை வைத்து, அதை வாசலில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கடைப் பையில் கை வைக்கும் முன் “பை கொண்டுவந்தீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்கக் கடைப் பையன்களுக்கும் சொல்லிவையுங்கள். அரசுக்கும் நமது வேண்டுகோள் ஒன்று உண்டு: மக்களின் பழக்கத்தை மாற்றத் திட்டம் தீட்டும் மேசையில், அந்தப் பழக்கத்தை அன்றாடம் நேரில் காணும் வியாபாரிக்கும் ஓர் இடம் தர வேண்டும்.