குழம்பில் கலக்காதீர்கள்

‘குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர் உண்டா? அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்து மீன்குழம்பில் போடுபவர்களும் உண்டு. மதுவைச் சிதைக்கும்போது கல்லீரலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உருவாகும். அதை அகற்றும் நொதியை இந்த மாத்திரை முடக்கிவிடும். விஷயம் தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆனாலும் இந்த ஆபத்து உண்டு. நோயாளியின் சம்மதத்தோடு, மருத்துவர் மட்டுமே தர வேண்டிய மருந்து இது.

அப்படியானால் குடும்பம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மையர்ஸ் உருவாக்கிய ‘கிராஃப்ட்’ முறை, குடிப்பவரை விட்டுவிட்டு வீட்டாருக்குப் பயிற்சி தருகிறது. 1999இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினர் சிகிச்சையை மறுத்துவந்தவரைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்தார்கள். உறவினர் கூடி நேருக்கு நேர் எதிர்த்துப் பேசும் முறையில் இது 30 சதவீதம்தான்.

அந்தமானின் ஜங்லிகாட்டில் படகு வேலைக்குப் போகும் ஒருவரின் மனைவியை எண்ணிப் பாருங்கள். “அண்ணே, அவருக்குக் காய்ச்சல், இன்னைக்கு வரமாட்டார்” என்று படகுக்காரருக்குப் போன் செய்வதை, இந்த முறைப்படி, அந்த மனைவி நிறுத்த வேண்டும். போதையில் இருப்பவரிடம் ராத்திரி சண்டை போட்டுப் பயனில்லை. தெளிந்திருக்கும் காலையில் பேச வேண்டும். குடிக்காமல் வந்த நாளில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அடி விழும் வீட்டில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அங்கே மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்புதான் முதலில்.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சிகிச்சைத் திட்டம் வைத்திருக்கிறது. அங்கே போகலாம் என்று அந்தமானிலிருந்து கப்பல் ஏறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றல், மாயத்தோற்றம் என நிலைமை முற்றலாம். கப்பல் பயணமும் ஏறத்தாழ மூன்று நாள்! முதலில் ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) ஜி.பி. பந்த் மருத்துவமனையில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டாருக்கும் தூக்கம் போகும், மனம் சோரும். குடிப்பவர் சிகிச்சைக்கு வர மறுத்தாலும் நீங்கள் தனியாக ஆலோசனை கேட்கலாம். மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446, இரண்டும் இலவசம்.