பலகையைக் காலில் கட்டலாமா?

டெசாருவில் அலைச்சறுக்கு ஆடுவோரின் கணுக்காலில் ஒரு கயிறு இருக்கும். விழுந்தாலும் பலகை கைவிட்டுப் போகாது. இலங்கையின் கற்பிட்டியில் பெரிய பட்டத்தைப் பிடித்துச் சறுக்கும் ‘கைட்சர்ஃபிங்’ விளையாட்டிலும் அதையே கட்டினால் என்ன?

விழுந்த பிறகும் பட்டம் ஆளை இழுத்துக்கொண்டே போகும். பலகையோ நீரில் சிக்கி நிற்கும். இடையில் கயிறு ரப்பர்போல நீளும். நீட்சி இருமடங்கானால், அதில் சேரும் ஆற்றல் நான்கு மடங்கு! பலகை விடுபட்டதும் அது நம் தலையை நோக்கிப் பாயும். பட்டமே இல்லாத அலைச்சறுக்கில்கூட, 1971இல் அமெரிக்காவின் ஜாக் ஓநீல் இப்படித் துள்ளிவந்த பலகையால் இடக்கண்ணை இழந்தார். தலைக்கவசம் கண்ணை மறைக்காது அல்லவா?

கயிறில்லாமல் பலகையை மீட்க, பட்டத்தின் இழுப்பிலேயே நீரில் வளைந்து வளைந்து காற்றை எதிர்த்து நகரப் பழக வேண்டும். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. பட்டத்தோடு நம்மைப் பிணைக்கும் பாதுகாப்புக் கயிறு வேறு, அது கட்டாயம்.