அடுத்த கேஸுக்கு முன் அரை மணி நேரம்

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே மூன்று ரயில்கள் மோதிக்கொண்டன. அதில் ஒன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். நொறுங்கிய பெட்டிகளிலிருந்து உடல்களை எடுத்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினரைச் சந்தித்த அதன் அன்றைய தலைமை இயக்குநர் அதுல் கர்வால், சில நாட்களில் அவர்களின் மனநிலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஒரு வீரருக்குத் தண்ணீரைப் பார்த்தாலே ரத்தமாகத் தெரிகிறதாம். இன்னொருவருக்குப் பசியே எடுக்கவில்லையாம். திரும்பி வருகிறவர்களுக்கு மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்திருப்பதாகவும் சொன்னார். சீருடைப் படை ஒன்றின் தலைவர் இதைப் பொதுமேடையில் சொன்னதே பெரிய விஷயம்.

பாலசோர் நாடறிந்த விபத்து. நம் ஊர் புறவழிச்சாலையில் தினமும் நடப்பதற்கு அப்படி யாரும் மேடையேறுவதில்லை.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் இரண்டே பேர்: ‘பைலட்’ எனப்படும் ஓட்டுநர், இ.எம்.டி. எனப்படும் மருத்துவ உதவியாளர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அடிபட்டவரை அரசு மருத்துவமனையில் ஒப்படைத்ததும் ஸ்ட்ரெச்சரைக் கழுவ வேண்டும். வண்டித் தரையில் உறைந்துபோன ரத்தத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். கையுறை, பஞ்சு, ஆக்சிஜன் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி வேலையில் அடுத்த கேஸ் வந்துவிடும். அது பிரசவ கேஸாக இருந்தால், சற்று முன் ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போன அதே கைகள் இன்னொரு குழந்தையை ஏந்த வேண்டும்.

கட்டுப்பாட்டு அறையில் போனை எடுப்பவரை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. மூச்சில்லாத கணவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். வண்டி போய்ச் சேர்ந்ததும் இணைப்பு முடிந்துவிடும். அந்த மனிதர் பிழைத்தாரா? பெரும்பாலும் தெரியாது. அதற்குள் அடுத்த அழைப்பு. பிழைத்தாரா இல்லையா என்ற ஒரு வரித் தகவலை மருத்துவமனையிலிருந்து வாங்கி இவரிடம் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

“போகப் போகப் பழகிவிடும்” என்பார்கள் மூத்தவர்கள். பழகுவதில்லை, பேச்சு நின்றுபோகிறது, அவ்வளவுதான். தூக்கம் கெடுகிறது. சிலர் தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்குகிறார்கள். காரணம் புரியாமல் வீட்டில் சண்டை.

சம்பவம் முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை ஒரே அமர்வில் கொட்டச் சொல்லும் முறை 1980களில் அமெரிக்காவில் பரவியது. மன அதிர்ச்சி நோயை அது தடுப்பதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அதைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் படையில் உருவான ‘டிரிம்’ முறை வேறு மாதிரி. பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவரே சில நாட்கள் கழித்து வந்து பேசுவார். ஒரு மாதம் கழித்து மீண்டும் வருவார். சரியாகாதவரை மருத்துவரிடம் அனுப்புவார். நமக்கு ஏற்றது இதுதான் என்பேன். கவுன்சலரிடம் போகத் தயங்கும் பைலட், கூட வண்டி ஓட்டுகிற அண்ணனிடம் டீக்கடையில் பேசிவிடுவார். அந்த அண்ணனுக்குப் பயிற்சி கொடுப்பது நிர்வாகத்தின் வேலை.

ஓய்வும் இதில் சேர்ந்ததுதான். காவலர்களுக்கு வார விடுமுறை தரும் அரசாணை தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. கொடிய கேஸ் ஒன்றை முடித்த 108 வண்டியை, அருகில் வேறு வண்டி இருக்கும் பட்சத்தில், அரை மணி நேரமாவது அழைப்புப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கலாம். இதை அந்த ஊழியர் கேட்டுப் பெறுவதாக இருக்கக் கூடாது. கேட்டால் ‘தெம்பில்லாதவன்’ என்ற பெயர் வரும், வேலைக்கே ஆபத்து வரும் என்ற பயம் உண்மையானது. ஆலோசனைக்குப் போனவர் பெயர் மேலதிகாரிக்குப் போகாது என்று எழுத்தில் தர வேண்டும்.

108, தீயணைப்பு, காவல் துறைகளில் வேலை செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் கவனியுங்கள். ஒரு மாதமாகியும் தூக்கமில்லை, கெட்ட கனவு, எரிச்சல் என்றால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அவர் அழைக்க மறுத்தால், என்ன செய்வது என்று கேட்டு நீங்களே அழைக்கலாம்.