மூலப் பத்திரம் எங்கே?

வீடு வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி

வீடு பிடித்து விட்டது. கிழக்குப் பார்த்த வாசல். கிணற்றில் நல்ல தண்ணீர். விலையும் படிந்து விட்டது. அச்சாரம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

விற்பவர் பத்திரத்தின் நகலைக் காட்டுகிறார். "மூலப் பத்திரம் ஊரில் பெட்டியில் இருக்கிறது. பதிவு அன்று கொண்டு வருகிறேன்" என்கிறார். "தங்கமான மனிதர்" என்று தரகரும் சொல்லுகிறார். வாங்குபவர், மனைவியின் நகையை விற்ற பணத்தை எடுத்துக் கொடுத்து விடுகிறார்.

பத்திரமோ ஊரில் இல்லை. பாங்கியில் இருக்கிறது! அந்த வீட்டின் மேல் விற்பவர் கடன் வாங்கியிருக்கிறார்.

தமிழ்நாட்டில் இப்படி ஏமாந்து கோர்ட்டுக்கு அலையும் குடும்பங்கள் உண்டு. "மூலப் பத்திரம் எங்கே?" என்று கேட்டு, அதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திராது.

கையில் கொடுத்தாலே அடமானம்

அடமானம் என்றால் முத்திரைத் தாளில் எழுதிப் பதிவு செய்வது என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு. பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கடன் வாங்கினாலே அதுவும் அடமானம்தான். 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இதை ஒப்புக்கொள்ளுகிறது.

சென்னையிலும், அரசு அறிவித்த மற்ற ஊர்களிலும் இப்படி அடமானம் வைக்கலாம். வீடு தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கலாம். பத்திரத்தைச் சென்னையில் கொடுத்தாலும் அந்த வீட்டின் மேல் கடன் ஏறி விடும்.

வீடு கை மாறினாலும் கடன் வீட்டோடு வரும். 2002-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கடன் தவணை நின்று போனால் 60 நாள் நோட்டீசு கொடுத்து விட்டு, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடப் பாங்கிக்கு அதிகாரம் தருகிறது.

வில்லங்கச் சான்று மட்டும் போதுமா?

வில்லங்கச் சான்று அவசியம் பார்க்க வேண்டும். 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது நல்லது. ஆனால் பதிவானவை மட்டுமே அதில் இருக்கும். பதிவு செய்யாமல் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் அதில் இராது.

பாங்கிகளின் அடமானங்களைக் குறித்து வைக்க 2011-ல் 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவேடு ஏற்பட்டது. கட்டணம் கட்டி அதையும் பார்க்கலாம். தனி ஆள் கொடுத்த கடன் அதிலும் இராது. ஆகவே, மூலப் பத்திரத்தை நேரில் பார்ப்பதே பத்திரமான வழி.

பட்டா இருக்கிறதே என்று சிலர் சொல்லுவார்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அது பத்திரத்துக்கு ஈடாகாது. பதிவு முடிந்ததே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

"எனக்குத் தெரியாதே!"

இப்படிச் சொன்னால் தப்ப முடியாது. விசாரித்தால் தெரிந்திருக்கும் ஒன்றை விசாரிக்காமல் விட்டால், தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும்.

விற்பவருக்கும் கடமை உண்டு. உரிமையில் உள்ள குறையை மறைத்து விற்பது மோசடி என்று அதே 1882-ம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது.

பத்திரம் தொலைந்து விட்டது என்று சொன்னால்? போலீசில் புகார் கொடுத்தாரா, பத்திரிகையில் விளம்பரம் செய்தாரா என்று கேட்க வேண்டும். வக்கீலிடம் காட்டாமல் அச்சாரம் கொடுக்கக் கூடாது.

அடகு வீட்டை வாங்க முடியாதா?

தாராளமாக வாங்கலாம். ஒளிவு மறைவு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பாக்கிக் கடன் எவ்வளவு என்று பாங்கியிடம் எழுத்து மூலம் பெற வேண்டும். அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல், நேரே அவருடைய கடன் கணக்கில் கட்ட வேண்டும். மீதியைத்தான் விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். அடமானம் பதிவாகி இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்ய வேண்டும்.

வாங்குபவர் தாமே கடன் எடுத்தால், அவருடைய பாங்கியே பழைய கடனை அடைத்துப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும்.

கடன் முழுவதும் தீர்ந்த பிறகு பத்திரத்துக்காக நடையாய் நடக்க வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பாங்கி அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். ரிசர்வ் பாங்கியின் இந்த உத்தரவு 2023 டிசம்பர் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது.

கறிவேப்பிலை வாங்கும்போது கூட வாடலா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொடுத்து வீடு வாங்கும்போது, "மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள்" என்று கேட்க வெட்கம் எதற்கு?