பழைய வண்டிக்குப் புதிய பிரேக்: பின் சக்கரத்தில் டிரம்மா, டிஸ்க்கா?

சைக்கிளில் வேகமாகச் சென்று பிரேக்கை அழுத்துகிறீர்கள். இரண்டு ரப்பர்க் கட்டைகள் சக்கரத்தின் ரிம்மை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கின்றன; சைக்கிள் நின்றுவிடுகிறது. நீண்ட சரிவில் பிரேக் பிடித்தபடியே இறங்கியிருந்தால், நின்றதும் ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? சைக்கிளின் வேகம்தான் சூடாக மாறியிருக்கிறது!

எந்தப் பிரேக்கும் செய்யும் வேலை இதுதான். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடுகிறது. 2000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு சிறிய டிரக் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ½ × 2000 × 25 × 25 = 6,25,000 ஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய இவ்வளவு ஆற்றல் வேண்டும். அடுப்பில் சில நிமிடங்கள் பிடிக்கும் இந்த வேலையை, பிரேக் நான்கைந்து நொடிகளில் செய்து முடிக்கிறது.

அமெரிக்காவில் பின்புறம் திறந்த தொட்டியுடன் கூடிய ‘பிக்கப்’ என்னும் சிறிய டிரக்குகள் ஏராளம். செவ்ரோலே நிறுவனத்தின் சி10 என்பது அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. 1971 மாடல் முதல் இவ்வண்டியின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வழக்கமாகப் பொருத்தப்பட்டது. பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கே தொடர்ந்தது. இத்தகைய பழைய வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுவோர் பலர், பின் சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கைப் பொருத்திக்கொள்கிறார்கள். பார்வைக்கு இது எளிய வேலை: ஒன்றைக் கழற்றி, இன்னொன்றை மாட்டுவது. ஆனால் இதில் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலின் பல விதிகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை மறந்து செய்தால், முன்பைவிட ஆபத்தான வண்டி ஒன்று சாலைக்கு வந்துவிடும்.

டிரம் பிரேக்

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், இரும்பால் ஆன ஒரு வட்டப் பாத்திரம். அதன் உள்ளே பிறைநிலா வடிவில் இரண்டு ‘ஷூ’க்கள் உள்ளன. பிரேக் மிதியை அழுத்தினால், வீல் சிலிண்டரில் உள்ள இரு பிஸ்டன்கள் ஷூக்களை வெளிப்புறமாகத் தள்ளுகின்றன. ஷூக்களின் மேல் ஒட்டியுள்ள லைனிங் டிரம்மின் உட்சுவரில் உராய்கிறது. மிதியை விட்டதும் ஸ்பிரிங்குகள் ஷூக்களைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன.

டிரம் பிரேக்கிற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கதவின் அடியில் ஆப்பு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கதவைத் தள்ளத் தள்ள ஆப்பு மேலும் இறுகுகிறது அல்லவா? அதுபோலவே, சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுத்து, மேலும் இறுக்கமாகத் தன்மீதே அழுத்திக்கொள்கிறது. ஆகவே குறைந்த விசையில் அதிகப் பிடிப்புக் கிடைக்கிறது.

குறை என்ன? வெப்பம் மூடிய பாத்திரத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. டிரம் சூடானால் விரிவடையும். விரிவடைந்தால் ஷூவை விட்டு விலகிப் போகும். மிதியை இன்னும் ஆழமாக அழுத்த வேண்டியிருக்கும். மிகையான சூட்டில் லைனிங்கின் உராய்வும் குறையும். நீண்ட மலைச் சரிவில் பாரம் ஏற்றிய வண்டி இறங்கும்போது, பிரேக் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்ந்துபோவது இதனால்தான். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டாலும் எளிதில் வெளியேறாது.

டிஸ்க் பிரேக்

டிஸ்க் என்றால் வட்டத் தகடு. சக்கரத்தோடு சுழலும் இந்தத் தகட்டை, ‘காலிபர்’ என்னும் கவ்வி இரு பக்கமும் பேடுகளால் அழுத்திப் பிடிக்கிறது. சைக்கிள் ரிம்மைக் கட்டைகள் கவ்வுவதும் இதே முறைதான்! தகடு வெளிக்காற்றில் சுழல்வதால் வேகமாகக் குளிர்கிறது. சூடாகி விரிந்தாலும் பேடுகளை விட்டு விலகுவதில்லை. தண்ணீர் பட்டால் பேடுகளே துடைத்துவிடுகின்றன.

இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902-ஆம் ஆண்டிலேயே டிஸ்க் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதன் பெருமை உலகுக்குத் தெரிய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வெற்றி பெற்றது. நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். மற்றக் கார்களின் டிரம்கள் சூட்டில் தளர்ந்தபோதும் ஜாகுவாரின் பிரேக் தளரவில்லை.

பின் சக்கரத்தின் பங்கு எவ்வளவு?

டிஸ்க் இவ்வளவு நல்லதென்றால், டிரக்கின் பின் சக்கரங்களில் மட்டும் டிரம்மை ஏன் விட்டு வைத்தார்கள்?

பேருந்து திடீரென நின்றால் நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள். வண்டியும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும்போது அதன் எடையின் ஒரு பகுதி பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. நமது 2000 கிலோகிராம் டிரக், பாரமின்றி நிற்கும்போது முன்னால் 1160, பின்னால் 840 கிலோகிராம் தாங்குவதாகக் கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் 3 மீட்டர். ஈர்ப்பு முடுக்கத்தில் 0.7 மடங்கு என்ற அளவில் வேகம் குறைந்தால், மாறும் எடை 2000 × 0.7 × 0.7 ÷ 3, அதாவது ஏறக்குறைய 327 கிலோகிராம். இப்போது பின் சக்கரங்களின் மேல் இருப்பது 513 கிலோகிராம் மட்டுமே. மொத்த எடையில் கால் பங்குதான்!

எடை குறைந்தால் சாலையோடு உள்ள பிடிப்பும் குறையும். ஆகவே வெறும் வண்டியில், நிறுத்தும் வேலையில் முக்கால் பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. எஞ்சிய கால் பங்கு வேலைக்கு, விலை குறைந்த டிரம் போதும் என்று பொறியாளர்கள் கருதினார்கள்.

எந்தச் சக்கரம் முதலில் நிற்க வேண்டும்?

இதை நீங்களே செய்து பார்க்கலாம். நன்றாக உருளும் ஒரு பொம்மைக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் சக்கரங்கள் இரண்டும் சுழலாதபடி பசைத்தாளால் ஒட்டுங்கள். வழவழப்பான பலகையைச் சரிவாக வைத்து, காரின் முகப்பு கீழ்நோக்கி இருக்குமாறு விடுங்கள். சிறிது தூரம் போனதும் கார் சட்டென்று திரும்பி, வாலை முன்னால் நீட்டிக்கொண்டு இறங்கும். இப்போது பின் சக்கரங்களை விடுவித்து, முன் சக்கரங்களை ஒட்டி விடுங்கள். கார் நேராகச் சறுக்கி இறங்கும்.

காரணம் இதுதான்: உருளும் சக்கரம் பக்கவாட்டில் எளிதில் நகராது, பூட்டிக்கொண்டு சறுக்கும் சக்கரமோ எத்திசையிலும் சறுக்கும். பின் சக்கரங்கள் உருண்டுகொண்டிருக்கும் வரை, அம்பின் வாலில் உள்ள இறகைப் போல வண்டியை நேராக வைக்கின்றன. அவை பூட்டிக்கொண்டால் இறகை இழந்த அம்புபோல வண்டி சுழன்றுவிடும். ஆகவே பின் சக்கரங்கள் ஒருபோதும் முன் சக்கரங்களுக்கு முன்னதாகப் பூட்டிக்கொள்ளக் கூடாது. பிரேக் மாற்றுபவர் மறக்கக் கூடாத முதல் விதி இது.

மாற்றும் வேலை

பாஸ்கல் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம், பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களை அடைகிறது. அங்கே கிடைக்கும் விசை, பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது. டிஸ்க்கில் ஆப்பு போன்ற உதவி கிடையாது. எனவே காலிபரின் பிஸ்டன் பெரிதாக இருக்க வேண்டும். வீல் சிலிண்டரின் பிஸ்டன் 25 மில்லிமீட்டர் விட்டமும், காலிபரின் பிஸ்டன் 50 மில்லிமீட்டர் விட்டமும் உடையவை எனில், விட்டம் இரு மடங்கு, பரப்போ நான்கு மடங்கு! ஒரே தூரம் நகர அதற்கு நான்கு மடங்கு ஆயில் தேவை. பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு ஆயிலைத் தள்ளுமா என்று பார்த்தே தீர வேண்டும்.

அடுத்தது வால்வுகள். டிரம் பிரேக் உள்ள பல பழைய வண்டிகளில், குழாயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை எப்போதும் நிறுத்தி வைக்கும் சிறு வால்வு ஒன்று உண்டு. டிரம்மில் ஸ்பிரிங்குகள் இதை எதிர்த்து ஷூவை இழுத்துவிடும். டிஸ்க்கில் அத்தகைய ஸ்பிரிங் இல்லை. வால்வை நீக்காமல் விட்டால் பேடுகள் தகட்டை உரசிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே பிரேக் சூடேறும்.

பின் சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் விகித வால்வு இன்னும் முக்கியமானது. டிரம்முக்கு என்று அமைந்த வால்வு டிஸ்க்குக்குப் பொருந்தாது. திருகித் திருத்தக்கூடிய வால்வு ஒன்றை வைத்து, வேறு வண்டிகள் இல்லாத திடலில் மெதுவான வேகத்திலிருந்து சோதித்து, முன் சக்கரங்களே முதலில் பூட்டிக்கொள்ளும்படி சரிசெய்கிறார்கள்.

பிறகு ஹேண்ட் பிரேக். இதற்கு டிரம் மிகவும் ஏற்றது; ஒரு கம்பிவடத்தால் ஷூவை இழுத்து வைத்தாலே போதும். டிஸ்க்குக்கு மாறினால், காலிபரின் உள்ளே பிஸ்டனைத் திருகித் தள்ளும் அமைப்பு வேண்டும். அல்லது தகட்டின் நடுக்குழியில் ஒரு சிறிய டிரம்மே வேண்டும். டிரம்மை நீக்கிவிட்டு, அதையே சிறிதாக உள்ளே வைக்கிறோம்! இதைச் சேர்க்காமல் விட்டவர்களின் வண்டி சரிவில் நிற்காது.

கழற்றும்போதும் ஓர் அபாயம் உண்டு. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின்னும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரப்படுத்தித் துடைத்தெடுக்க வேண்டும்.

கிடைக்கும் பயன் என்ன?

டிஸ்க் மாட்டினால் வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய டிரம்மாலேயே சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளச் செய்ய முடிந்தது என்றால், எல்லையை வகுப்பது பிரேக் அன்று. டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வுதான். அந்த உராய்வுக் கெழு 0.7 எனில், நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் நமது டிரக் நிற்கக் குறைந்தது 45 மீட்டர் வேண்டும். டிரம் ஆனாலும் டிஸ்க் ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது.

பயன் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் முறை போலவே பத்தாவது முறையும் பிரேக் பிடிக்கும். மலைச் சரிவிலும், பாரம் ஏற்றிய போதும், மழையிலும் தளராது. பேடு தேய்ந்திருப்பதை எளிதில் பார்த்து மாற்றலாம். மலைப்பாதையில் பாரம் இழுக்கும் வண்டிக்கு இது உயிர்காக்கும் மாற்றம். வெறுமையாக ஊருக்குள் ஓடும் வண்டிக்கோ பெரிய வேறுபாடு தெரியாது.

டிரம்மின் காலம் முடிந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. அதே செவ்ரோலே நிறுவனம் 1999 மாடல் சில்வராடோ டிரக்கில் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் வைத்தது. 2005 மாடல் முதல் பல ரகங்களில் பின்புறம் மீண்டும் டிரம்முக்குத் திரும்பியது. 2014-இல் மறுபடியும் டிஸ்க்குக்கு மாறியது. 2020-இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 என்னும் மின்சாரக் காரின் பின் சக்கரங்களில் இருப்பதும் டிரம்தான். அதில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை, மின்னாக்கியாக மாறும் மோட்டாரே செய்துவிடுகிறது. அரிதாகப் பயன்படும் பிரேக் திறந்த வெளியில் இருந்தால் துருப்பிடிக்கும்; மூடிய டிரம்மில் பிடிக்காது.

எது சிறந்தது என்ற கேள்விக்கு, எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்பதுதான் பொறியாளரின் வழக்கம். இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: நமது டிரக்கின் பின் தொட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலே 500 கிலோகிராம் பாரம் ஏற்றுங்கள். ஈர்ப்பு மையத்தின் உயரம் மாறவில்லை என்று கொள்ளுங்கள். அதே அளவில் பிரேக் பிடித்தால் பின் சக்கரங்கள் எவ்வளவு எடையைத் தாங்கும்? வெறும் வண்டிக்கு என்று திருகி வைத்த வால்வு, பாரவண்டிக்கும் சரியாக இருக்குமா?